சந்தை மொழியும் ஆதிக்கமும்: போர்த்துக்கேய மொழியினர் ஆங்கிலப் பணச்சொற்களைக் கற்ற வரலாறு – ஒரு நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தினர் பிறிதொரு கூட்டத்தினரின் மொழியிலிருந்து முதன்முதலிற் கற்றுக்கொள்ளும் சொற்கள் பெரும்பாலும் எண், அளவை, விலை என்பன பற்றியனவாகவே அமைகின்றன. அரசைப் பற்றிய சொற்களும் சமயத்தைப் பற்றிய சொற்களும் பின்னரே வந்து சேர்கின்றன. 'என்ன விலை?', 'குறைத்துத் தருவீரா?', 'மீதி எங்கே?' என்னும் மூன்று வினாக்களையும் கேட்கத் தெரிந்தவன் எந்தத் துறைமுகத்திலும் ஒரு நாளைக் கழித்துவிடலாம். ஆயின், இவ்வினாக்களை யார் யாருடைய மொழியிற் கேட்பது என்பது தற்செயலாகத் தீர்மானிக்கப்படுவதன்று. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தேவையே எனினும், கற்கும் சுமை இருவருக்குமிடையே சமமாகப் பகிரப்பட்டமை வரலாற்றில் அரிது.

இவ்வுண்மையை ஆராய்வதற்குப் போர்த்துக்கேய மொழியினரின் வரலாறு பெரிதும் உதவுகின்றது. 1505 இல் இலங்கைக் கரையை அடைந்து, 1658 இல் ஒல்லாந்தரால் வெளியேற்றப்பட்ட போர்த்துக்கேயரை நாம் சொற்களைத் தந்தவர்களாகவே அறிவோம். அலுமாரி, கதிரை, மேசை, சாவி, ஏலம் முதலிய சொற்கள் அவர்களது வாணிபத்தோடும் வாழ்க்கை முறையோடும் தமிழில் வந்து தங்கியவை. அவர்களது அரசியல் ஆதிக்கம் சரிந்த பின்னரும் ஆசியத் துறைமுகங்களிற் பொதுமொழியாக அவர்களது மொழியே நெடுங்காலம் வழங்கியது. 1698 இல் ஆங்கிலக் கிழக்கிந்திய வாணிபக் கம்பனிக்கு வழங்கப்பட்ட சாசனம், இந்தியாவுக்கு அனுப்பப்படும் குருமார் அங்கு சேர்ந்து ஓராண்டுக்குள் போர்த்துக்கேய மொழியைக் கற்றல் வேண்டுமென விதித்தது. அன்று கற்க வேண்டியவன் ஆங்கிலேயனே. ஆனால், 111 ஆண்டுகளின் பின்னர், 1809 இல், போர்த்துக்கேய அரசே தனது குடிகள் ஆங்கிலம் பயில்வதற்கென றியோ டி ஜெனெய்றோ நகரில் ஓர் ஆசிரியப் பதவியை ஏற்படுத்தியது. இவ்விரு ஆண்டுகளுக்குமிடையே நிகழ்ந்தது யாது? போர்த்துக்கேய மொழியினர் ஆங்கிலப் பணச்சொற்களையும் கடைச்சொற்களையும் எச்சூழ்நிலையில், எவ்வாறு கற்றனர்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலேயர் கற்ற காலம்

1640 இல் ஸ்பானிய முடியிலிருந்து விடுபட்ட போர்த்துக்கல், தனது சுதந்திரத்தைக் காத்துக்கொள்வதற்கு வலிமைமிக்க ஒரு நட்பை நாடியது. அந்நட்புக்கு அது கொடுத்த விலையை 17 ஆம் நூற்றாண்டின் உடன்படிக்கைகள் காட்டுகின்றன. 1654 இல் குறொம்வெல்லின் அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கை, போர்த்துக்கலில் வாழ்ந்த ஆங்கில வணிகருக்குத் தமது வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிபதியையும், தமது இல்லங்களில் தமது முறைப்படி வழிபடும் உரிமையையும், பிறேசில் வாணிபத்திற் பங்கையும் வழங்கியது. 1661 இன் திருமண உடன்படிக்கையின்படி இளவரசி கத்தறீனாவின் சீதனமாகப் பம்பாயும் தாஞ்சியரும் இரண்டாம் சாள்ஸ் மன்னனுக்குச் சென்றன. 1703 டிசம்பர் 27 இல் கைச்சாத்திடப்பட்ட மெதுவன் உடன்படிக்கை மூன்றே பிரிவுகளைக் கொண்டது. ஆங்கிலக் கம்பளித் துணியைப் போர்த்துக்கல் ஏற்றுக்கொள்ள, போர்த்துக்கேய வைனுக்குப் பிரெஞ்சு வைனிலும் மூன்றிலொரு பங்கு குறைந்த தீர்வையை இங்கிலாந்து விதிக்கும் என்பதே அதன் சாரம்.

துணிக்கும் வைனுக்குமிடையே இருந்த பெறுமதி வேறுபாட்டை ஈடுசெய்தது பிறேசிலின் தங்கம். 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீனாஸ் ஜெறைஸ் பகுதியிற் கண்டெடுக்கப்பட்டு, ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் தோண்டப்பட்ட அத்தங்கம் லிஸ்பன் வழியாக லண்டனைச் சென்றடைந்தது. இங்கிலாந்தின் தங்கத்தில் ஏறக்குறைய முழுவதும் போர்த்துக்கலிலிருந்தே வருவதாகச் சொல்லப்படுவதை அடம் சிமித் தமது 1776 ஆம் ஆண்டு நூலிற் குறிப்பிடுகின்றார். 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலே போர்த்துக்கேயப் பொன் நாணயம் கைமாறி வழங்கியது. 'மொயெடா டி ஓறோ', அதாவது 'பொன் நாணயம்', என்னும் போர்த்துக்கேயத் தொடர் ஆங்கிலேயர் நாவில் 'மொய்டோர்' எனத் திரிந்து, 27 சிலிங் பெறுமதியுள்ள நாணயத்தின் பெயராகியது. ஜொவாவ் மன்னனின் பெயர் பொறித்த நாணயம் 'ஜோ' என வழங்கியது. பணத்தை உடையவனின் சொல்லைப் பணம் தேடுபவன் கற்றுக்கொண்டான்.

அக்காலத்து மொழிநூல்களும் இதனையே உணர்த்துகின்றன. அந்தோனியோ வியெய்றா 1768 இல் லண்டனில் வெளியிட்ட போர்த்துக்கேய இலக்கணத்தின் ஒரு பகுதி வாணிபம், போர், கப்பற்பயணம் ஆகியவற்றுக்குரிய சொற்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இம்மூன்றும் ஒரே தலைப்பின்கீழ்ச் சேர்க்கப்பட்டமை தற்செயலன்று. அந்நூற்றாண்டின் ஐரோப்பியக் கடல் வாணிபம் இம்மூன்றும் பிணைந்த ஒரு தொழிலாகவே இருந்தது.

எனினும் இக்காலத்திலேயே நிலைமை மாறத் தொடங்கியமையும் மனங்கொள்ளத்தக்கது. லிஸ்பனிலும் ஓப்போட்டோவிலும் ஆங்கில வணிகர் தமக்கெனச் சங்கங்களை அமைத்துத் தம்முள்ளே தம்மொழி பேசி வாழ்ந்தனர். அச்சங்கங்களுக்கு வழங்கிய 'பாக்டரி' என்னும் பெயர் போர்த்துக்கேயரின் 'பெய்த்தோறியா' என்பதன் இனச்சொல். ஆசியக் கரைகளிற் போர்த்துக்கேயர் தாம் நிறுவிய வாணிபப் பண்டகசாலைகளுக்கு இட்ட பெயர் அது. இப்போது அதே வகை நிறுவனம் அவர்களது தலைநகரிலேயே அந்நியரால் நடத்தப்பட்டது. இவ்வாதிக்கத்தைக் கட்டுப்படுத்த முயன்ற மார்க்கேஸ் டி பொம்பால், 1756 இல் டூறோ வைன் கம்பனியையும் 1759 இல் லிஸ்பன் வாணிபப் பாடசாலையையும் நிறுவினார். எண்கணிதம், நிறுத்தலளவை முகத்தலளவைகள், நாணயமாற்று, காப்புறுதி, இரட்டைப்பதிவுக் கணக்கு என்பன அங்கு கற்பிக்கப்பட்டன. அந்நிய வணிகனின் மொழியை மட்டுமன்றி அவனது கணக்கையும் கற்றாலன்றித் தன்னாட்டு வணிகன் தலைநிமிர முடியாது என்பதைப் பொம்பால் உணர்ந்திருந்தார் எனலாம்.

இருவகைக் கணக்கு

ஆங்கிலப் பணமொழி போர்த்துக்கேய மாணவனுக்கு ஏன் கடினமாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள இரு நாட்டுக் கணக்கு முறைகளையும் ஒப்பிடுதல் வேண்டும். போர்த்துக்கேயர் 'றேயிஸ்' என்னும் ஒரே அலகினாற் கணக்கிட்டனர். ஆயிரம் றேயிஸ் ஒரு 'மில்றேயிஸ்'. ஆயிரம் மில்றேயிஸ், அதாவது பத்து இலட்சம் றேயிஸ், ஒரு 'கொன்ரோ'. ஆகவே கணக்கேட்டில் எழுதப்பட்ட தொகை எவ்வளவு பெரிதாயினும் அது பத்தின் அடுக்கில் அமைந்த ஓர் எண்ணே. ஆங்கிலேயரோ 12 பென்ஸ் ஒரு சிலிங் எனவும், 20 சிலிங் ஒரு பவுண் எனவும் கணக்கிட்டனர். ஒரு பவுணில் 240 பென்ஸ். இவற்றிடையே 21 சிலிங் பெறுமதியுள்ள 'கினி'யும், 5 சிலிங் கொண்ட 'குறவுண்' நாணயமும், பெனியின் காற்பங்கான 'பாதிங்'கும் வழங்கின.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். யார் ஒன்று 3 சிலிங் 7 பென்ஸ் வீதம் 13 யார் துணி வாங்குபவன், முதலில் விலையை 43 பென்ஸ் ஆக்கி, 13 ஆற் பெருக்கி 559 பென்ஸ் பெற்று, அதனை 240 ஆலும் எஞ்சியதை 12 ஆலும் வகுத்து, 2 பவுண் 6 சிலிங் 7 பென்ஸ் என விடை காண்பான். 18 ஆம் நூற்றாண்டின் நாணயமாற்று ஒப்பின்படி ஒரு மில்றேயிஸ் 67½ பென்ஸ் ஆகும். அவ்வொப்பின்படி அதே துணி யார் ஒன்றுக்கு ஏறக்குறைய 637 றேயிஸ். லிஸ்பன் கடைக்காரன் ஒரே பெருக்கலில் 8,281 றேயிஸ் எனச் சொல்லிவிடுவான். எளிய முறையையுடையவன் சிக்கலான முறையைக் கற்க நேர்ந்ததேயன்றிச் சிக்கலான முறையையுடையவன் எளியதைக் கைக்கொள்ளவில்லை. வாணிபமொழி பரவுவது அதன் எளிமையினால் என்னும் கருத்தை இவ்வொரு செய்தியே மறுத்துவிடுகின்றது.

அளவைகளிலும் இதே சிக்கல் இருந்தது. போர்த்துக்கேயரின் நிறுத்தலளவை 'அறாற்றெல்'. நாம் வழங்கும் 'இறாத்தல்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் மூலம் ஓர் அறபுச் சொல்லே. 32 அறாற்றெல் ஓர் 'அறோபா', 4 அறோபா ஒரு 'கின்ரால்'. ஆங்கிலேயரின் பெரிய அலகோ, பெயரளவில் நூறு இறாத்தலைக் குறித்து உண்மையில் 112 இறாத்தலைக் கொண்டது. நமது கடைத்தெருவில் 'அந்தர்' என வழங்கிவந்தது அதுவே. பிறேசிலிற் கின்ரால் கணக்கில் ஏற்றிய பருத்தியையும் சீனியையும் லண்டனில் அந்தர் கணக்கில் விற்க வேண்டியவனுக்கு, சொல்லின் பொருளைப் பிழையாக அறிவது நட்டத்தையே தந்தது.

இனி, சொற்களிலும் பல பொறிகள் இருந்தன. ஆங்கிலத்தில் 'சேஞ்ச்' என்னும் ஒரு சொல் மீதிக்காசையும், சில்லறையையும், நாணயமாற்றிடத்தையும் குறிக்கும். போர்த்துக்கேயத்தில் மீதிக்காசு 'ட்றொக்கு', நாணயமாற்று 'கம்பியு'. மறுபுறம், போர்த்துக்கேயரின் 'கைஷா' என்னும் ஒரு சொல் பெட்டியையும், பணம் செலுத்துமிடத்தையும், காசாளரையும் குறிக்க, ஆங்கிலம் அவற்றுக்கு மூன்று சொற்களை வைத்துள்ளது. 'லிவ்றறியா' என்பது போர்த்துக்கேயத்திற் புத்தகக்கடை. ஒலியொப்புமையால் அதனை ஆங்கிலத்தின் 'லைப்பிறறி' எனக் கொள்பவன், விலைக்கு வாங்க வேண்டிய நூலை இரவலாகக் கேட்பவனாகின்றான். போர்த்துக்கேயத்தின் 'பாப்றிக்கா' தொழிற்சாலை. ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய சொல் துணியைக் குறிக்கின்றது. இவ்விரு மொழிகளும் இலத்தீனின் செல்வத்தைப் பகிர்ந்துகொண்டவை என்பதாலேயே இத்தகைய மயக்கங்கள் மிகுந்தன.

இவ்விடத்துத் தமிழோடு தொடர்புடைய ஒரு செய்தியும் குறிப்பிடற்பாலது. ஆங்கிலத்தில் 'காஷ்' என ஒலிக்கும் சொற்கள் இரண்டு. கைப்பணத்தைக் குறிப்பது, பெட்டி என்னும் பொருளையுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. ஆசியாவின் சிறு நாணயங்களைக் குறிப்பதோ தமிழின் 'காசு' என்னும் சொல்லைப் போர்த்துக்கேயர் தம் வாய்க்கேற்பக் 'கைஷா' ஆக்கிக்கொள்ள, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றது. தென்னாட்டுச் சந்தையிற் போர்த்துக்கேயர் ஒருகாலத்திற் கேட்டறிந்த சொல், அவர்களது மொழியிற் பெட்டியோடு கலந்து, இன்னொரு மொழியின் அகராதிக்குள் குடிபுகுந்தது.

றியோவில் ஆங்கிலம்

1807 நவம்பரில் நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கியபோது, போர்த்துக்கேய அரசவை முழுவதும் ஆங்கிலக் கடற்படையின் காவலுடன் பிறேசிலுக்குக் கப்பலேறியது. 1808 ஜனவரி 28 இல், பிறேசிலின் துறைமுகங்கள் நட்பு நாடுகளின் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஐரோப்பியச் சந்தைகள் நெப்போலியனால் அடைக்கப்பட்டிருந்த அவ்வேளையில் நட்பு நாடு என்பது நடைமுறையில் இங்கிலாந்தையே குறித்தது. 1810 ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆங்கிலப் பொருள்களுக்கு 15 சதவீதத் தீர்வையை விதித்தது. ஏனைய நாடுகளின் பொருள்களுக்கு 24 சதவீதமும், போர்த்துக்கேயக் கப்பல்களில் வந்த பொருள்களுக்கு 16 சதவீதமும் விதிக்கப்பட்டிருந்தன. அதாவது, தன் சொந்த ஆட்சிக்குட்பட்ட துறைமுகத்திலே போர்த்துக்கேயன் ஆங்கிலேயனிலும் கூடிய தீர்வையைச் செலுத்தினான்.

ஆங்கிலப் பொருள்கள் றியோவின் கரையில் மலையெனக் குவிந்தன. அவற்றுட் சிலவற்றை வாங்குவோர் இல்லை. வெப்பநாடான பிறேசிலுக்குப் பனிக்கட்டிமீது சறுக்கும் பாதணிகளும் அனுப்பப்பட்டதாக ஜோன் மோ என்னும் பிரயாணி 1812 இல் வெளியான தமது நூலில் எழுதியுள்ளார். பொருளை விற்க வந்தவன் அந்நாட்டின் தட்பவெப்பத்தைக்கூடக் கற்கவில்லை. வாங்குபவனோ விற்பவனின் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. மேற்கூறிய 1809 ஆம் ஆண்டின் ஆங்கில ஆசிரியப் பதவி இச்சூழ்நிலையிலேயே தோன்றியது. 1811 இல், லண்டனிலிருந்து 'கொறெய்யோ பிறசிலியென்சே' என்னும் இதழை நடத்திய இப்பொலித்தோ டா கோஸ்தா போர்த்துக்கேய-ஆங்கில இலக்கணமொன்றை வெளியிட்டார். 1811-1812 இல் அடம் சிமித்தின் நூற்சுருக்கம் றியோவின் அரச அச்சகத்திலிருந்து போர்த்துக்கேய மொழியில் வெளிவந்தது. சொல்லும், இலக்கணமும், பொருளியற் கொள்கையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்திறங்கின.

'சுதந்திர வாணிபம்' என்னும் அக்கொள்கையை இங்கு நாம் சிறிது நிதானித்து நோக்குதல் தகும். டேவிட் றிக்காடோ 1817 இல் ஒப்பீட்டு நலக் கோட்பாட்டை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் இங்கிலாந்தின் துணியும் போர்த்துக்கலின் வைனுமே. பொருளியல் பயிலும் மாணவர் அனைவரும் இவ்வுதாரணத்தை அறிவர். இரு நாடுகளும் தமக்கு இயல்பானதைச் செய்து இலாபமடைகின்றன என்பது அதன் முடிவு. ஆனால் அவ்வாணிபத்தை இயல்பாக்கிய தனி நீதிபதியும், தீர்வைச் சலுகையும், காவற் கப்பல்களும் அவ்வுதாரணத்தினுள் இல்லை. சிடெறி என்னும் ஆய்வாளர் 1970 இல் வெளியிட்ட நூலில் இவ்வுறவை முறைசாராக் குடியேற்றவாதமாகவே விளக்க முனைந்தார். 'ஆங்கிலம் பயனுள்ள மொழி. எனவே கற்றனர்' என்னும் கூற்றும் றிக்காடோவின் உதாரணத்தைப் போன்றதே. அம்மொழி எவ்வாறு பயனுள்ளதாக்கப்பட்டது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை.

இதன் உச்சநிலையை நாணயமாற்று வரலாறு காட்டுகின்றது. 1822 இல் சுதந்திரம் பெற்ற பிறேசில், றேயிஸ் கணக்கையே தொடர்ந்தும் கைக்கொண்டது. அதன் நாணயமாற்று வீதமோ, ஒரு பவுணுக்கு எத்தனை மில்றேயிஸ் என்றன்றி, ஒரு மில்றேயிசுக்கு எத்தனை பென்ஸ் என்றே குறிக்கப்பட்டது. முன்னர் 67½ பென்ஸ் ஆக இருந்த மில்றேயிசின் ஒப்புப்பெறுமதி 1846 இல் 27 பென்ஸ் எனச் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது. 1898 இன் நிதிநெருக்கடியில் ஒரு கட்டத்தில் அது 6 பென்சுக்கும் கீழ் இறங்கியது. ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத கோப்பித் தோட்டக்காரனும் 'இன்று பென்ஸ் எத்தனை?' என அறிய விரும்பினான். தன் பையிலுள்ள பணம் எவ்வளவு பெறும் என்பதையே பிறன் மொழியின் சொல்லால் அறியும் நிலை, மொழிக்கல்வியின் எல்லையைக் கடந்த ஒன்றாகும்.

நகைப்புக்குள்ளான கைநூல்

இத்தகைய தேவை மிகுந்த காலத்தில் உரையாடற் கைநூல்கள் பெருகியமை வியப்பன்று. அவற்றுள் உலகப்புகழ் பெற்றது, தன் பிழைகளாலேயே புகழ்பெற்ற ஒரு நூல். 1855 இல் பாரிஸில் வெளிவந்த அந்நூலின் முகப்பில் ஜோசே டா பொன்சேக்கா, பேதுறு கறொலினோ ஆகிய இருவரின் பெயர்களும் உள்ளன. பொன்சேக்கா முன்னர் போர்த்துக்கேய-பிரெஞ்சுக் கைநூலொன்றைச் செவ்வனே எழுதியவர். கறொலினோ, அதன் பிரெஞ்சுப் பகுதியை ஒரு பிரெஞ்சு-ஆங்கில அகராதியின் துணைகொண்டு சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினார் என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் துணிபு. தையற்காரன், புத்தகக்கடைக்காரன், தளபாட வியாபாரி முதலியோருடன் பேசுவதற்கென அமைந்த உரையாடல்கள் அதில் உள்ளன. அவற்றைக் கற்று லண்டன் கடையொன்றுக்குச் செல்பவனின் பேச்சை எந்த ஆங்கிலேயனும் விளங்கிக்கொள்ளான்.

1883 இல் இந்நூலின் பகுதிகள் லண்டனில் நகைச்சுவை நூலாக வெளியிடப்பட்டன. அதே ஆண்டில் பொஸ்ரன் நகரில் மார்க் ருவெயினின் முன்னுரையுடன் ஒரு பதிப்பு வெளிவந்தது. அன்று தொடங்கிய சிரிப்பு இன்றும் ஓயவில்லை. ஆனால் வரலாற்று மாணவர் அச்சிரிப்பிற் கலந்துகொள்வதற்கு முன் இரண்டு செய்திகளைச் சிந்தித்தல் நன்று. முதலாவது, ஆங்கிலத்துக்குச் செல்லும் வழியிற் பிரெஞ்சு மொழி குறுக்கிட்டமை கறொலினோவின் தனிப்பட்ட அறியாமையினால் மட்டும் நேர்ந்ததன்று. கற்றோரின் மொழியாகப் பிரெஞ்சும் வணிகரின் மொழியாக ஆங்கிலமும் இருந்த போர்த்துக்கலில், நூல்வழி அறிவு பிரெஞ்சின் மூலமாகவே வந்தது. ஆங்கிலம் அறிந்தவர்கள் கப்பற்றுறையிலும் கணக்கறையிலும் இருந்தனர். நூல் எழுதியவர்கள் வேறிடத்தில் இருந்தனர். இரண்டாவது, ஆசியக் கரைகளிலே ஆங்கிலேயர் பேசிய போர்த்துக்கேயமும் இலக்கணச் சுத்தமாக இருந்திராது. ஆனால் அவர்களது பிழைகளைத் தொகுத்து லிஸ்பனில் எவரும் நகைச்சுவை நூல் வெளியிட்டதாகப் புகழில்லை. பிழை செய்வது கற்பவர் எல்லோருக்கும் பொது. பிழைக்காக நகைக்கப்படுவது வலிமை குன்றியவனுக்கே உரியது.

கயானாவின் கடைகள்

இதுவரை கூறியவை வணிகரையும் எழுத்தறிந்தோரையும் பற்றியன. நூலின் துணையின்றி, கடைப்பலகையின் பின்னால் நின்றே ஆங்கிலப் பணச்சொற்களைக் கற்ற பிறிதொரு கூட்டத்தினரும் உள்ளனர். அவர்கள் மதெய்றாத் தீவின் ஏழைக் குடியானவர்.

பிரித்தானியப் பேரரசில் 1834 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், பிரித்தானிய கயானாவின் கரும்புத் தோட்டத்துரைமார் கூலியாட்களைத் தேடலாயினர். 1835 இல் மதெய்றாவிலிருந்து முதற் குழு அங்கு சென்றது. 1840களிற் பஞ்சமும், 1852 இல் திராட்சைக் கொடிகளைத் தாக்கிய நோயும் மேலும் பலரைக் கப்பலேற்றின. 1882 வரையில் ஏறத்தாழ 30,000 பேர் மதெய்றாவிலிருந்து கயானாவைச் சென்றடைந்தனர். தமிழ் நாட்டிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் அதே தோட்டங்களுக்கு 1840களிற் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மதெய்றாவினர் தோட்டத்தில் நெடுங்காலம் தங்கவில்லை. தலைச்சுமை வியாபாரத்தில் தொடங்கிச் சிறுகடை, மதுக்கடை, அடகுக்கடை எனப் பரவி, அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சில்லறை வாணிபத்திற் பெரும்பகுதியைத் தம் கைக்குட் கொண்டுவந்தனர். அவர்கள் கற்க வேண்டியிருந்த பணமொழியோ லண்டன் பணமொழியிலும் குழப்பமானது. அது முன்னர் ஒல்லாந்தரின் குடியேற்ற நாடாகையால் கில்டர் கணக்கு வழக்கிலிருந்தது. பின்னர் கணக்கேடு டொலரிலும் சதத்திலும் எழுதப்பட்டது. கையில் வழங்கிய நாணயமோ ஆங்கிலேயருடையது. ஒரு டொலர் 4 சிலிங் 2 பென்ஸ்; ஆகவே ஒரு பெனி 2 சதம், ஒரு சிலிங் 24 சதம். 4 பென்ஸ் வெள்ளி நாணயம் 'பிட்' எனப்பட்டது. அது 8 சதம். இதனை எப்பாடசாலையும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. உப்புமீனும் அரிசியும் மண்ணெண்ணெயும் சிறுகச் சிறுக வாங்கவந்த கறுப்பினத் தொழிலாளரிடமிருந்தும் இந்தியத் தொழிலாளரிடமிருந்தும் அவர்கள் அதனைக் கேட்டுக் கற்றனர். அவர்கள் கற்ற ஆங்கிலமும் துரைமாரின் ஆங்கிலமன்று. அந்நாட்டுக் கிறியோல் ஆங்கிலமே.

இவ்வெற்றிக்கு உழைப்பு மட்டும் காரணமன்று. ஜோர்ஜ்டவுன் நகரின் மொத்த வணிகர், விடுதலை பெற்ற கறுப்பின வியாபாரிகளுக்கு மறுத்த கடன் வசதியை மதெய்றாவினருக்கு விரும்பி வழங்கினர் என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். தோட்டத்தொழிலாளர் கடைக்காரராகித் தமக்கு ஈடாக எழுவதைத் துரைமார் வர்க்கம் விரும்பவில்லை. இடையில் ஓர் இனம் நிற்பது அவர்களுக்கு வசதியாயிற்று. இதன் விளைவை 1856 இலும் 1889 இலும் போர்த்துக்கேயர் கடைகளுக்கெதிராக மூண்ட கலவரங்களிற் காண்கிறோம். விலையை வாய்விட்டுச் சொல்பவன் கடைக்காரன். ஆதலால் விலையேற்றத்துக்குரிய கோபமும் அவன்மீதே பாய்ந்தது. அவனுக்கும் மேலிருந்து கடனையும் கூலியையும் நிர்ணயித்தவர்கள் மக்களின் கண்ணுக்குப் புலப்படவில்லை. 1981 இல் வெளிவந்த வோல்டர் றொட்னியின் கயானாத் தொழிலாளர் வரலாறு, இனப்பகையின் அடியிலே கிடந்த இவ்வர்க்க உறவுகளை விளக்கும் முயற்சிகளுட் தலையாயது.

காலப்போக்கில் கயானாவின் போர்த்துக்கேய வழியினர் தம் முன்னோரின் மொழியையே மறந்தனர். பிழைப்புக்காகக் கற்ற விலைச்சொற்கள் கடையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்து, வீட்டுமொழியாகவே மாறிவிட்டன. றியோவின் வணிகனுக்கு ஆங்கிலம் ஒரு கருவி. தன் மொழியில் இலக்கியமும் அரசும் அவனுக்கு இருந்தன. கயானாவின் சிறுகடைக்காரனுக்கு அத்தகைய அரண் எதுவுமில்லை. ஒரே மொழியினர், ஒரே சொற்களைக் கற்றும், அடைந்த விளைவு வேறுபட்டமைக்கு அவர்களது சமூகநிலையே காரணம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகின்றன. வாணிபமொழியைக் கற்கும் சுமை பொருளும் படைபலமும் எப்பக்கம் சாய்கின்றனவோ அதற்கு எதிர்ப்பக்கத்தின் மீதே விழுகின்றது. ஒரு மொழியின் எளிமையோ அதன் கணக்குமுறையின் செம்மையோ இதனைத் தீர்மானிப்பதில்லை. கற்பவர் அனைவரும் ஒரே நிலையினருமல்லர். அரசவை, கணக்கறை, கடைப்பலகை என்னும் மூவிடங்களிற் கற்ற ஆங்கிலம் மூவகைப் பயனைத் தந்தது.

போர்த்துக்கேய மாணவனை வருத்திய கணக்கு இன்று இல்லை. 1971 பெப்ரவரி 15 இல் இங்கிலாந்து தானே பதின்ம முறைக்கு மாறி, பவுணை 100 பென்ஸ் ஆக்கியது. றேயிஸ் கணக்கு போர்த்துக்கலில் 1911 இல் எஸ்கூடோவுக்கும், பிறேசிலில் 1942 இல் குறுசெய்றோவுக்கும் இடங்கொடுத்தது. ஆயின் கற்பவன் யார், கற்பிக்கப்படுவது யாருடைய சொல் என்னும் வினா தீர்ந்துபோகவில்லை.

நமது மொழியே இதற்குச் சான்றாக அமைகின்றது. போர்த்துக்கேயரின் 'பங்கு' என்னும் இருக்கைப் பெயரிலிருந்து 'வாங்கு' என்னும் சொல்லைப் பெற்றோம். பணம் மாற்றுவோர் அமர்ந்த பலகையைக் குறித்து, அதே மூலத்திலிருந்து இத்தாலியம் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற 'பாங்க்' என்னும் சொல்லைப் பின்னர் 'வங்கி' ஆக்கிக்கொண்டோம். ஒரே வேர்ச்சொல் இருமுறை நம்மிடம் வந்தது. முதன்முறை வந்தபோது அது அமரும் பலகை. மறுமுறை வந்தபோது அது கடன் வழங்கும் நிலையம். முன்னையதைத் தந்தவர்களும் பின்னையதன் முன்னே மாணவராய் நிற்க நேர்ந்தது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது. சொற்களஞ்சியத்தை ஆராய்பவர் ஒவ்வொரு சொல்லின் அருகிலும் அதனைக் கொண்டுவந்த கப்பலையும், அக்கப்பலுக்குத் தீர்வை விதித்தவரையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.